இடர்முகாமில் குழந்தைகளின் பற்கள்: பெட்டியோடு முடிந்துவிடாத கடமை

கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தாலும், மலை சரிந்து குடியிருப்புகளை மூடினாலும், ஆறு கரையுடைத்து வயலையும் வீட்டையும் ஒன்றாக்கினாலும், செய்தி கிடைத்த அன்றிரவே புலம்பெயர் நாடுகளில் பொருள் சேர்க்கும் பணி தொடங்கிவிடுகிறது. தமிழ்ப் பாடசாலை மண்டபங்களிலும் கோயில் களஞ்சியங்களிலும் அட்டைப்பெட்டிகள் நிறைகின்றன. அரிசி, பருப்பு, பால்மா, உடுபுடவை, போர்வை, மருந்து என நீளும் பட்டியலின் இறுதி வரிகளில் பற்தூரிகையும் பற்பசையும் இடம்பெறுவதுண்டு. பெட்டி கப்பலேறியதும் அந்த வரிக்குரிய கடமை நிறைவேறிவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் தூரிகை ஒரு குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்வது ஒரு காரியம். அதைக் கொண்டு அக்குழந்தை நாள்தோறும் இருமுறை பல் துலக்குவது முற்றிலும் வேறொரு காரியம். முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்கு நீரும், இடமும், நேரமும், அருகில் நிற்கும் ஒரு பெரியவரும் வேண்டும். இவற்றில் எதையும் அட்டைப்பெட்டியில் இட்டு அனுப்ப இயலாது என்பதனாலேயே இவ்விடயம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

உயிரையும் உறவையும் இழந்து நிற்கும் மக்களிடம் பல்லைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்விக்கு யப்பானின் கோபே நகரம் பதில் வைத்திருக்கிறது. 1995 ஜனவரி 17 அன்று அதிகாலையில் அந்நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிபாடுகளில் சிக்கி இறந்தோரைத் தவிர, தப்பிப் பிழைத்துத் தங்குமிடங்களுக்கு வந்தபின் பல நூறு பேர் மாண்டனர். அவ்வாறு மாண்டோரில் குறிப்பிடத்தக்க பகுதியினரைக் கொன்றது நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி. குளிரும் நெருக்கடியும் காரணங்களாயிருந்தன என்பது உண்மையே. எனினும், நீரின்றி நாட்கணக்கில் துப்புரவு செய்யப்படாத வாயிலும் கழற்றிக் கழுவப்படாத செயற்கைப் பற்களிலும் பெருகிய கிருமிகள், உறக்கத்தில் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்கியமையும் ஒரு காரணமென யப்பானிய பல் மருத்துவர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். 2011 மார்ச் 11 இன் பேரிடரின் பின் தங்குமிடங்களுக்குச் சென்ற பல் மருத்துவக் குழுக்கள் வாய்ச் சுகாதாரத்தையும் தம் பணியாகக் கொண்டமைக்கு அந்தப் பாடமே அடிப்படை. கோபேயில் மாண்டோர் பெரும்பாலும் முதியோர்; குழந்தைகளுக்கு நேரும் கேடு அவ்வளவு விரைவானதன்று. ஆயினும், வாய்ச் சுகாதாரம் என்பது வசதியுள்ளோரின் அலங்காரம் என்ற எண்ணத்தை அந்நகரம் உடைத்துவிட்டது.

குழந்தைகளின் வாயில் நிகழ்வது என்ன? பற்களின் மேல் படியும் படலத்தில் வாழும் கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேலுறையாகிய மிளிரியிலிருந்து கனியுப்புகள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமப்படுத்தி, இழந்த கனியுப்பில் ஒரு பகுதியை மீளக் கொடுக்கிறது. அதற்கு அரை மணி நேரம் அளவில் செல்லும். அந்த அரை மணிக்குள் மீண்டும் ஒரு பிஸ்கற் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே எவ்வளவு சீனி உண்ணப்பட்டது என்பதிலும் பார்க்க, எத்தனை தடவை உண்ணப்பட்டது என்பதே பல்லின் விதியை முடிவுசெய்கிறது.

இந்த உண்மை நிறுவப்பட்ட விதம் பெருமைக்குரியதன்று. சுவீடனில் லுண்ட் நகரிலுள்ள விப்பெஹொல்ம் மருத்துவமனையில், 1940களின் பிற்பாதியில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு ஒட்டும் தன்மையுள்ள ரொபிகள் நாள் முழுவதும் கொடுக்கப்பட்டு அவர்களது பற்கள் சூத்தையாக விடப்பட்டன. அறநெறியின்படி இன்று எவராலும் நியாயப்படுத்தப்பட முடியாத ஆய்வு அது. சுவீடனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் நன்கறிந்த 'சனிக்கிழமை இனிப்பு' வழக்கம், அந்த ஆய்வின் முடிவிலிருந்து எழுந்த அறிவுரையின் வழி வந்ததே. வாரம் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்பதைவிட ஒருநாளில் தின்று முடிப்பது பல்லுக்கு நல்லது என்பது அதன் பொருள். அண்டை நாடான நோர்வேயிலோ 1940 முதல் 1945 வரையான போர்க்காலத்தில் சீனி அரிதாகியபோது சிறுவர்களின் பற்சூத்தை குறைந்தது. இடர்க்காலம் தன்னளவில் பல்லைக் கெடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இடரோடு கூடவே வந்து சேரும் சீனிதான் கெடுக்கிறது.

இங்கேதான் நிவாரணம் அனுப்புவோர் தம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. முகாமுக்குள் முதலில் நுழையும் உணவு பெரும்பாலும் கெடாத உணவு: பிஸ்கற், ரின்பால், சீனி கலந்த பால்மா, மென்பானம், ரொபி, சொக்கிலேற். சமைக்க அடுப்பில்லாத முதல் நாட்களில் இவற்றுட் சில தவிர்க்க முடியாதவை. பசித்த பிள்ளைக்கு பிஸ்கற் கொடுப்பதில் எவரும் குறை காண முடியாது. குறை, அடுப்பு மூண்ட பின்னரும் இது தொடர்வதில் இருக்கிறது. வாகனம் வந்து நின்றதும் பிள்ளைகள் ஓடிவருவதும், வந்தவர் கைநிறைய ரொபியை வாரி நீட்டுவதும், புகைப்படம் எடுக்கப்படுவதும் எந்த நாட்டு முகாமிலும் காணக்கூடிய காட்சி. காலையில் ஒரு குழு, நண்பகலில் ஒரு குழு, மாலையில் இன்னொரு குழு. ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் கொடுக்கிறார்கள். பிள்ளையின் பற்களோ மூன்று தடவையும் அமிலத்தில் தோய்கின்றன. அன்பின் பெயரால் நிகழும் இந்தக் கேட்டை அன்போடுதான் நிறுத்த வேண்டும். இனிப்புக் கொடுத்தே ஆகவேண்டுமெனில் அதை முகாமின் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, மதிய உணவோடு சேர்த்து ஒரே தடவையில் பகிரச் செய்யலாம். பால் போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் கைக்குழந்தையின் மேல் முன்பற்கள்தான் முதலில் அரிக்கப்படுகின்றன என்பதையும், தாய்ப்பாலூட்டும் அன்னையரிடையே கணக்கின்றிப் பால்மா பகிர்வதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எச்சரிக்கின்றன என்பதையும் பால்மா சேர்ப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அம்பாறை மாவட்டம் மிகப் பெரும் இழப்பைச் சந்தித்தது. முல்லைத்தீவும் மட்டக்களப்பும் திருகோணமலையும் வடமராட்சி கிழக்கும் கரையோரக் கிராமங்களை இழந்தன. தப்பியோர் முதலில் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் தங்கினர்; பின்னர் கூடாரங்கள், அதன்பின் தகரக் கொட்டில்கள். சில மாதங்களுக்கெனக் கட்டப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் பல. தமிழகத்தின் நாகப்பட்டினக் கரையிலும் நிலை பெரிதும் வேறுபடவில்லை. அங்கே எவரும் அணியாத பழைய துணிகள் வீதியோரத்தில் குவிந்து கிடந்தமை, பொருள் அனுப்புவோர் கேளாமல் அனுப்பினால் என்னவாகும் என்பதற்கு நிலைத்த சான்றாயிற்று.

ஆண்டுக்கணக்கு என்பதைப் பல்லின் கணக்கில் பார்த்தால்தான் இழப்பின் அளவு புலப்படும். குழந்தைக்கு ஆறு வயதளவில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பாற்பல்லும் விழாமலே, நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். எதுவும் விழாமல் முளைப்பதனால் பெற்றோர் பலர் இவற்றையும் பாற்பல் எனவே எண்ணி, "விழுந்து முளைக்கிற பல்லுத்தானே" என்று விட்டுவிடுகின்றனர். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. முளைத்த முதலாண்டுகளில் மிளிரி முழுமையாக உறுதிப்பட்டிருப்பதில்லை. வாயின் கடைசியில் இருப்பதால் பிள்ளையின் தூரிகையும் அங்கு எட்டுவதில்லை. 2004 டிசம்பரில் ஐந்து வயதாயிருந்த பிள்ளைக்கு அந்தப் பற்கள் முளைத்தது முகாமில்தான். அந்தப் பிள்ளை இன்று இருபதுகளின் நடுப்பகுதியைக் கடந்த இளைஞர். வீடு மீண்டும் கட்டப்பட்டிருக்கலாம், படகும் வலையும் மீண்டும் கிடைத்திருக்கலாம். அந்த ஓரிரு ஆண்டுகளில் அரித்துப்போன கடைவாய்ப்பல் மட்டும் மீள முளைப்பதில்லை. பாற்பல் கெட்டால் இழப்பில்லை என்பதும் தவறே. சூத்தைப்பல் வலியில் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளை உண்ணாது, மறுநாள் பாடமும் படிக்காது. அலையைக் கண்டு ஏற்கெனவே உறக்கம் இழந்த பிள்ளைக்கு இன்னொரு விழிப்பையும் அது கொடுக்கிறது. சீழ் கட்டிக் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அது உடனடி மருத்துவத்துக்குரிய நிலை.

இனி, பழக்கம் என்பது எங்கே வாழ்கிறது என்று பார்த்தல் தகும். அது பிள்ளையின் அறிவில் வாழ்வதாகவே சுகாதாரப் பிரசுரங்கள் பலவும் கருதுகின்றன. பல் துலக்குவதன் நன்மைகளை எடுத்துச் சொன்னால் பிள்ளை துலக்கும் என்பது அவற்றின் நம்பிக்கை. உண்மையில் பழக்கம் வாழ்வது கிணற்றடியில். விடிந்ததும் வாளி இறங்கும் ஓசை, கப்பியின் கிறீச்சொலி, தகப்பன் முறித்துக் கொடுத்த வேப்பங்குச்சி, சுவரில் மாட்டிய தகரக் குவளையில் நிற்கும் நான்கு தூரிகைகள், அவற்றில் சிவப்பு யாருடையது, நீலம் யாருடையது என்ற சண்டை, "பல்லுத் தீட்டினியா?" என்று அடுப்படியிலிருந்து வரும் அம்மாவின் குரல், தீட்டாவிட்டால் தேநீர் இல்லை என்ற சட்டம். இவையனைத்தும் சேர்ந்ததே பழக்கம். அலை கொண்டுபோனது தூரிகையை மட்டும் அன்று. கிணற்றை உப்பாக்கியது, சுவரை வீழ்த்தியது, சில வீடுகளில் அந்தக் குரலையும் கொண்டுபோயிற்று. பாடசாலை மண்டபத்தின் நிலத்தில் பாயில் எழும் பிள்ளைக்கு, எங்கே நின்று துலக்குவது, எங்கே துப்புவது, தூரிகையை எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லை. தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்று தாய் சுமந்துவந்த வாளி நீரைப் பல்லுக்கென்று கேட்கப் பிள்ளைக்கே மனம் வராது. பெரியவர்கள் துயரத்தில் உறைந்திருக்கும் வேளையில் பிள்ளையின் பல்லை யாரும் கேட்பதுமில்லை. ஐந்து வயதில் தானாகத் துலக்கிய பிள்ளை, இடரின் பின் படுக்கையை நனைப்பது போல, இதையும் மறந்து கைக்குழந்தையின் நிலைக்குத் திரும்புவதுண்டு. அதைச் சோம்பல் என்று அதட்டுவது கொடுமை.

அதேவேளை, இதே காரணத்தால் பல் துலக்கல் இன்னொரு பயனும் தருகிறது. எல்லாமே தலைகீழாகிய நாட்களில், இரவு படுக்கும் முன்பும் காலை எழுந்த பின்பும் தவறாமல் நிகழும் ஒரு சிறு செயல், நாள் என்பது மறுபடி ஒழுங்காக ஓடுகிறது என்று பிள்ளைக்கு உணர்த்துகிறது. பேரிடருக்குப் பின் சிறுவர்களின் மனநலம் பேண முற்படுவோர் எல்லோரும் முதலில் வேண்டுவது அன்றாட ஒழுங்கு மீள்வதையே.

நீர் இல்லை என்ற தடையை அளந்து பார்க்கலாம். இடர்க்கால உதவிக்கு உலகெங்கும் பயன்படும் ஸ்பியர் தராதரம், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும் என்கிறது. ஒரு தடவை பல் துலக்க ஒரு குவளை, அதாவது 200 மில்லிலீற்றர், தாராளமாகப் போதும். இரு தடவைக்கு 400 மில்லிலீற்றர்; நாளின் பங்கில் மூன்று வீதத்திற்கும் குறைவு. 500 பிள்ளைகள் உள்ள முகாமுக்கு நாளொன்றுக்கு 200 லீற்றர், ஒரு பீப்பாய். பற்பசையோ பட்டாணி அளவில் கால் கிராம் என்று கொண்டால், ஒரு பிள்ளைக்கு மாதம் 15 கிராம். 500 பேருக்கும் ஏழரைக் கிலோகிராம். மூன்று மாதத்துக்கொரு தூரிகை என ஆண்டுக்கு 2,000 தூரிகைகள். ஒரு கொள்கலனின் மூலையைக்கூட இவை நிரப்பா. குழாய் பூட்டிய அந்த ஒரு பீப்பாய், அதனருகே துப்புவதற்கும் நீர் வடிவதற்கும் கல்லிட்ட ஒரு சிறு கான், தூரிகைகளைப் பெயரெழுதி நிமிர்த்தி வைக்கக் காற்றோட்டமுள்ள ஒரு தட்டு: பழக்கத்துக்கு வேண்டிய 'கிணற்றடி' இவ்வளவே. பற்பசைக் குழாயின் வாய் பல தூரிகைகளில் படாதிருக்க, பசையை ஒரு தட்டத்தில் புள்ளி புள்ளியாக இட்டுப் பிள்ளைகள் தத்தம் தூரிகையால் எடுத்துக்கொள்ளச் செய்யலாம்.

அவ்வளவு நீரும் கிடைக்காத முதல் நாட்கள் உண்டு. அந்நாட்களுக்கென யப்பானியர் வகுத்த முறை எளியது. குவளையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர், அதாவது இரு மேசைக்கரண்டி நீர் எடுத்துத் தூரிகையை அதில் நனைத்துத் துலக்க வேண்டும். இடையிடையே தூரிகையில் சேரும் அழுக்கைக் கடதாசிக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மீண்டும் நனைக்க வேண்டும். முடிவில் எஞ்சிய நீரைச் சிறிது சிறிதாக எடுத்துக் கொப்பளிக்க வேண்டும். தூரிகையே இல்லையெனில் தூய துணியை விரலில் சுற்றிப் பல்லையும் ஈறையும் துடைக்கலாம். வெள்ளத்தின் பின் கிணற்று நீரை அப்படியே வாயில் விடுதல் ஆகாது. கொதித்தாறிய நீரோ குளோரின் இட்ட நீரோதான் கொப்பளிக்கவும் வேண்டும்.

முன்னோர் தூரிகையா வைத்திருந்தார்கள் என்று கேட்போரும் உளர். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் மிஸ்வாக் குச்சியும் நுனியை மென்று நாராக்கிப் பயன்படுத்தினால் படலத்தை நீக்கவல்லவை; தூரிகை வரும்வரை அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. உமிக்கரியும் செங்கற்பொடியும் அவ்வாறல்ல. பளிச்சென்று காட்டும் அவை மிளிரியைத் தேய்க்கின்றன. அதிலும் மெல்லிய மிளிரியுடைய பாற்பல்லில் அவை கூடவே கூடா. இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். தட்டுப்பாட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே தூரிகையைப் பகிர்வது வழக்கமாகிவிடுகிறது. ஈறில் கசியும் இரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் உள்ளன. ஆளுக்கொரு தூரிகை என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

பற்பசை வாங்குவோர் கவனிக்க வேண்டியது நிறமோ நறுமணமோ அன்று, புளோரைட்டு. கரையத் தொடங்கிய மிளிரியை மீளக் கெட்டியாக்குவது அதுவே. அதன் இன்றியமையாமை கருதி, புளோரைட்டுப் பற்பசையை 2021 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும் மூலிகைப் பசைகளிலும் பற்பொடிகளிலும் பல புளோரைட்டு அற்றவை. குழாயின் பின்புறம் சிற்றெழுத்தில் பத்து இலட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு என்ற அளவு உள்ளதா என்று பார்த்தே மொத்தமாக வாங்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசிமணி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. துலக்கியபின் துப்பினால் போதும்; குவளை குவளையாகக் கொப்பளித்தால் புளோரைட்டும் கழுவுண்டு போகும். நீர் அரிதான முகாமுக்கு இது வாய்ப்பான செய்தியும்கூட. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற வறள்வலயப் பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே புளோரைட்டு மிகுந்திருப்பதால், அங்குள்ள சிறு குழந்தைகள் பசையை விழுங்காதபடி அளவைக் காப்பது மேலும் அவசியம். பழச்சுவையூட்டிய சிறுவர் பசைகளைப் பிள்ளைகள் தின்பண்டமாகவே உண்டுவிடுவதுண்டு. குழாய் பெரியவர் கையில் இருக்கட்டும்.

அருகில் நிற்கும் பெரியவர் யார் என்பதே எஞ்சும் கேள்வி. ஏழு வயது வரை பிள்ளையின் கை தனியே நன்கு துலக்கும் திறனடைவதில்லை. முகாமில் ஒவ்வொரு தாயிடமும் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் பாடசாலைகளில் மாணவர் கூட்டாகச் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, கூட்டாகப் புளோரைட்டுப் பசையால் பல் துலக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடைபெறுகிறது; ஆசிரியரே முன்னிற்கிறார். ஸ்கொட்லாந்தில் முன்பள்ளிகளில் நாள்தோறும் மேற்பார்வையுடன் பல் துலக்கும் 'சைல்ட்ஸ்மைல்' திட்டம் உண்டு. அங்கு வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் பயன்பெறுகின்றனர். ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் பொதுவாக அமைந்த வழி ஒன்றே: பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்துத் துலக்குவது. முகாமில் இயங்கும் முன்பள்ளியிலோ தற்காலிகப் பாடசாலையிலோ மதிய உணவின் பின் இதற்குப் பத்து நிமிடம் போதும். இரவுத் துலக்கலை மட்டும் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அதுவே முதன்மையானது.

இலங்கையில் இதற்கான அமைப்பு இல்லாமலில்லை. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களும் அவற்றுக்கெனப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களும் பல தசாப்தங்களாக உள்ளனர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் கிராமம் கிராமமாக அறிந்தவர்கள். வெளிநாட்டிலிருந்து உதவ முனையும் சங்கங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டி கட்டுவதன்று. அந்தப் பணிமனையுடன் பேசி, எத்தனை பிள்ளைகள், எந்த வயது, நீர் எங்கே, யார் பொறுப்பு என்று கேட்டறிவது. தூரிகையும் பசையும் உள்ளூர்க் கடையிலேயே வாங்கத்தக்கவை. அவ்வாறு வாங்கினால் கடலில் கடையை இழந்த வணிகருக்கும் அது கைகொடுக்கும். மின்சாரமோ துளையிடும் கருவியோ இன்றி, பூசினாலே சூத்தையைப் பரவாமல் நிறுத்தவல்ல வெள்ளி டைஅமீன் புளோரைட்டும், கைக்கருவியால் துப்புரவாக்கி நிரப்பும் முறையும் இன்று உண்டு. பூசிய இடம் கறுத்துவிடும் என்பதை மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விடுமுறையில் தாயகம் செல்லும் பல் மருத்துவர்கள், பிடுங்கும் குறடோடு மட்டும் செல்லாமல், உள்ளூர்ச் சிகிச்சையாளருடன் இணைந்து இவற்றை மேற்கொண்டால் ஒரு கிழமையில் நூற்றுக்கணக்கான பற்கள் காக்கப்படும்.

புலம்பெயர் இளையோர் இதில் ஆற்றக்கூடிய பணி சிறிதன்று. அவர்களிற் பலர் பிறந்து வளர்ந்த நாடுகளில் பதினெட்டு வயது வரை பல் மருத்துவம் இலவசமாகவோ பெருமளவு அரச உதவியுடனோ கிடைக்கிறது. பாடசாலையில் அவர்கள் கற்ற துலக்கும் முறை அவர்கள் கையிலேயே இருக்கிறது. அதை இரண்டு நிமிட அசைபடமாக, மட்டக்களப்புப் பிள்ளைக்கும் பதுளைப் பிள்ளைக்கும் விளங்கும் பேச்சுத் தமிழில் ஆக்கித் தருவது, கைப்பேசி எங்கும் பரவியுள்ள இக்காலத்தில் கடினமன்று. அதற்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம். தவிரவும், வீட்டிலேயே பழச்சாறும் சொக்கிலேற்றும் நாள் முழுவதும் நடமாடும் குடும்பத்திலிருந்து முகாமுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு வலுவிராது.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா புயலும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. கண்டியும் பதுளையும் நுவரெலியாவும் பெருந்துயரைக் கண்டன. லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் வீடிழந்தோரில் அடங்குவர். புலம்பெயர் நாடுகளில் அப்போதும் மண்டபங்கள் நிறைந்தன, பெட்டிகள் கட்டப்பட்டன. முதல் மாதத்தில் கொடுக்கப்படும் தூரிகையின் நார் மூன்றாம் மாதத்தில் வளைந்துவிடும். பசைக் குழாய் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். பொருள் சேர்க்கும் ஆர்வமோ மூன்றாம் வாரத்தோடு அடங்கிவிடுவது வழக்கம். ஆகவே சேர்க்கப்படும் தொகையை அன்றே நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கொருமுறை ஓராண்டு முழுவதும் அதே பாடசாலைக்கு, அதே பெயர்ப் பட்டியலின்படி தூரிகையும் பசையும் சேரும்வண்ணம் உள்ளூர் அதிபரிடமும் பற்சிகிச்சையாளரிடமும் ஒழுங்கு செய்வதே சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானமாக எடுக்கப்பட வேண்டியது. அப்பட்டியலில் ஐந்து முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளின் பெயர்கள் தனியே குறிக்கப்படட்டும்; கடைவாய்ப்பற்கள் முளைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கே.